அடித்துவிட்ட இன்னொரு விடை

போனை எடுக்காத மகனுக்கு,

வியாழக்கிழமை காலையில் ஹெல்மெட்டையும் லேப்டாப் பையையும் எடுத்துக்கொண்டு ஒரகடத்தில் இருக்கும் உன் நண்பனின் ரூமுக்குப் போய்விட்டாய். அதற்குப் பிறகு நான் கூப்பிட்டபோதெல்லாம் மணி அடித்து ஓய்ந்ததுதான் மிச்சம். "திங்கக்கிழமை மீட்டிங் முடிஞ்சதும் பேசறேன்மா" என்று ஒரு மெசேஜ் வந்தது. மீட்டிங் முடிந்த பிறகு பேசுவதற்கு ஒன்றும் இருக்காது. அதனால் இப்போதே எழுதுகிறேன். முதலில் உனக்கு அனுப்புகிறேன். மீட்டிங் எப்படி முடிந்தாலும் பிறகு இதை நம் கம்பெனி பஸ் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவேன். உன் அப்பா, "வூட்டு விஷயத்த ஏன் ஊரெல்லாம் பரப்பிக்கினு கீற?" என்று கத்திப் பார்த்துவிட்டார். வீட்டு விஷயமாக இருந்திருந்தால் வீட்டுக்குள் வைத்திருப்பேன். நீ போர்டில் எழுதப்போகும் ஒரு எண்ணால் ஒரு லைன் முழுக்க நிற்கும் பெண்களின் பிழைப்பு முடிவாகும் என்றால், அந்தக் கணக்கு அவர்களுக்கும் தெரிய வேண்டும்.

குரூப்பில் படிக்கப்போகிறவர்களுக்காக, உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன். நம் லைனில் கார் கதவுக்குள் போகும் வயர் கட்டுகள் தயாராகின்றன. நகரும் பலகைகளில் பெண்கள் வயரை வரிசையாகப் பதித்து, கிளிப் மாட்டி, டேப் சுற்றி அனுப்புவார்கள். கடைசியில் சோதனை. அதில் தவறும் கட்டுகள் பிரித்துச் சரிசெய்ய ரீவொர்க் மேசைக்கு வரும். அந்த மேசையில் நான் இருக்கிறேன். லைன் எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும் என்று கணக்குப் போடும் இன்ஜினியர் நீ. கம்பெனி கேட்டுக்குள் நுழைந்துவிட்டால் நான் உன்னை "சார்" என்றுதான் கூப்பிட வேண்டும். நீ வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் ஹெச்.ஆரில் கூப்பிட்டு அதை எனக்குப் பக்குவமாகச் சொன்னார்கள். பஸ்ஸில் பென்னலூர்க்காரிகள், "ஏம்மா, சாருக்கு டிபன் கட்டினியா, இல்ல சாரு கேன்டீன்லயே துன்னுக்குறாரா?" என்று என்னை ஓட்டாத நாளில்லை. நானும் சேர்ந்து சிரிப்பேன். பெருமையாகத்தான் இருந்தது.

நீ பத்தாவது படித்தபோது தண்டலத்தில், மொபைல் கடைக்கு மேலே இருந்த டியூஷனுக்கு உன்னை அனுப்பினோம். நான் ஷிஃப்ட் முடிந்து வந்து, உன்னைக் கூட்டிக்கொண்டு போக அந்த மாடிப்படியில் உட்கார்ந்திருப்பேன். உள்ளே மாஸ்டர் இருபடிச் சமன்பாடு நடத்திக்கொண்டிருப்பார். ஒரு செவ்வக மனையின் நீளம் என்ன, ஒரு ரயிலின் வேகம் என்ன, ஒருவனின் வயது என்ன என்று எல்லாக் கேள்வியும் கடைசியில் ஒரே இடத்துக்கு வரும். x ஸ்கொயர் வரும், காரணிப்படுத்தினால் இரண்டு விடை கிடைக்கும். ஒன்று பன்னிரண்டு, இன்னொன்று மைனஸ் பதினைந்து என்பது மாதிரி. நீளம் மைனஸாக இருக்காது. அதனால் அதை அடித்துவிட்டு, "ஏற்கத்தக்கதல்ல" என்று பக்கத்தில் எழுத வேண்டும். ஏன் என்று மாஸ்டர் முதல் நாள் சொல்லியிருப்பார். பரீட்சை நெருங்க நெருங்க அந்தக் காரணம் போய்விட்டது. "ரெண்டு வந்தா சின்னத அடி, பெரிச எழுது, டைம் வேஸ்ட் பண்ணாத" என்பது மட்டும் மிஞ்சியது. நீங்கள் எல்லோரும் ஒரே குரலில் "அடிச்சாச்சு சார்" என்று கத்துவது படிக்கட்டுவரை கேட்கும். மார்க்கும் வந்தது. மைனஸ் விடை எப்போதும் சின்னதுதான் என்பதால் அந்தக் குறுக்குவழி பரீட்சையில் ஒருநாளும் தப்பவில்லை. அது தப்பும் இடம் ஒன்று இருக்கிறது என்று யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. அந்த இடம் நம் லைன்.

கார் கம்பெனியிலிருந்து புது டார்கெட் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நினைவிருக்கிறதா? ஒரு மணி நேரத்துக்குத் தொண்ணூற்றைந்து நல்ல கட்டுகள் வேண்டும் என்றார்கள். நல்லது என்றால் முதல் சோதனையிலேயே தேறியது. அப்போது லைனில் மணிக்குத் தொண்ணூறு ஏற்றினோம், எண்பத்தொன்பதுதான் தேறிக்கொண்டிருந்தது. நீ வாரக்கணக்கில் ஒவ்வொரு வேகத்திலும் நின்று எண்ணி, அதற்கு ஒரு சமன்பாடு கண்டுபிடித்திருந்தாய். பேப்பர் தேடப் பொறுமையில்லாமல் ஃபிரிட்ஜ் கதவில் மார்க்கரால் வரைந்தாய். "இன்னாடா, குழம்புக்கும் கணக்கா?" என்று அப்பா கேட்டார். கவிழ்த்துவைத்த கிண்ணம் மாதிரி ஒரு வளைவு போட்டாய். வேகத்தைக் கூட்டினால் நல்ல கட்டுகள் கூடும். ஓர் இடத்துக்கு மேல் கூட்டினால் கை தடுமாறி, தவறுகள் பெருகி, நல்லது குறைய ஆரம்பிக்கும் என்று சொன்னாய். உச்சி நூற்றிருபதில். அங்கே மணிக்கு நூறு நல்ல கட்டுகள் வரும். அதற்கு மேல் அந்த லைனால் முடியாது.

இன்றும் கதவில் அது அழியாமல் இருக்கிறது. நல்ல கட்டுகள் என்பது நூறிலிருந்து, (x − 120)-இன் வர்க்கத்தை எண்பதால் வகுத்துக் கழித்தது. x என்பது லைனில் மணிக்கு ஏற்றும் எண்ணிக்கை. தொண்ணூற்றைந்து வேண்டும் என்றால் அந்த வர்க்கம் நானூறாக இருக்க வேண்டும். எந்த எண்ணின் வர்க்கம் நானூறு? இருபதும் சரி, மைனஸ் இருபதும் சரி. அதனால் நூற்றிருபதிலிருந்து இருபது மேலே போனாலும் தொண்ணூற்றைந்து வரும், இருபது கீழே வந்தாலும் தொண்ணூற்றைந்து வரும். விரித்து எழுதினால் x² − 240x + 14000 = 0. இரண்டு மூலங்கள், 100, 140. நீ எழுதிவிட்டு, ஒரு நொடிகூட நிற்காமல், நூறை அடித்தாய்.

"ஏண்டா அத அடிச்ச?" என்று கேட்டேன்.

"ரெண்டு வந்தா ஒண்ண அடிக்கணும்மா. சின்னத அடிச்சிட்டேன்" என்றாய், சிரித்துக்கொண்டே.

நானும் சிரித்தேன். என் மகன் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு கம்பெனியையே ஓட்டுகிறான் என்ற நினைப்பு எனக்கு. நீ பழக்கத்தில்தான் அடித்தாய் என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் இந்தக் கணக்கில் இரண்டு விடையும் பிளஸ். நூறு என்ற வேகம் இருக்க முடியாத வேகம் இல்லை. தொண்ணூறில் ஓடிக்கொண்டிருந்த லைனைப் பத்து கூட்டினால் போதும், அவ்வளவுதான். இரண்டில் எதை எடுப்பது என்று சமன்பாடு சொல்லாது. அதை மனிதர்கள்தான் சொல்ல வேண்டும், காரணத்தோடு சொல்ல வேண்டும். நீ காரணம் இல்லாமல் நூறை அடித்தாய். உன் மேனேஜர் காரணத்தோடு நூற்று நாற்பதை எடுத்துக்கொண்டார், லைனும் அந்த வேகத்துக்கு ஏறியது.

அந்தக் காரணத்தை நான் என் மேசையில் உட்கார்ந்து பார்த்தேன். மணிக்கு நூறு ஏற்றி, தொண்ணூற்றைந்து தேறினால், ரீவொர்க்குக்கு ஐந்து வரும். நூற்று நாற்பது ஏற்றி, அதே தொண்ணூற்றைந்து தேறினால், நாற்பத்தைந்து வரும். நல்ல கட்டுகள் இரண்டிலும் ஒன்றுதானே, பிறகு ஏன் இந்த ஓட்டம் என்று நானும் குழம்பினேன். பிறகுதான் புரிந்தது. அந்த நாற்பத்தைந்தும் குப்பைக்குப் போகவில்லை. ஷிஃப்ட் முடிந்ததும் சூப்பர்வைசர் வந்து, "உங்க மிஸ்டேக், நீங்களே முடிச்சிட்டுப் போங்க" என்பார். மிஸ்டேக் என்பதால் அது ஓ.டி. இல்லை. ஓ.டி. இல்லை என்பதால் அதற்குச் சம்பளம் இல்லை. பஸ் காத்திருக்காது. அது கிளம்பிய பிறகு வல்லக்கோட்டைப் பக்கம் ஹாஸ்டலில் இருக்கும் பெண்கள் ஷேர் ஆட்டோவுக்காக ரோட்டில் நிற்பார்கள். சின்ன விடையை எடுத்தால் கம்பெனிக்குக் கேட்டது மட்டும் கிடைக்கும். பெரிய விடையை எடுத்தால் கேட்டதும் கிடைக்கும், மேலே கொஞ்சம் சும்மாவும் கிடைக்கும். உன் மேனேஜருக்குக் கணக்கு வராது என்று நினைக்காதே. உன்னைவிட நன்றாக வரும்.

இசக்கியம்மாளை உனக்குத் தெரியும். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து ட்ரெய்னியாக நிற்கும் பெண், கிளிப் மாட்டுகிறவள். பெருவிரலால் அழுத்தித்தான் கிளிப் உட்காரும். வேகத்தை ஏற்றிய பிறகு அவள் விரல் வீங்கி நகம் கறுத்துவிட்டது. கேன்டீனில் என் எதிரே தட்டை வைத்துவிட்டுச் சொன்னாள்: "யக்கா, ஒங்க மவன் கணக்குல பெரிய ஆளாமே? எனக்குப் பெருவெரலு எத்தன இருக்குன்னு கேட்டுச் சொல்லுங்க. எனக்கு ஒண்ணு கொறஞ்ச மாதிரி இருக்கு." மேசை முழுக்கச் சிரித்தது. நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அடுத்த வாரம் அவளுக்கு மெமோ கொடுத்தார்கள், கவனக்குறைவு என்று.

இப்போது டார்கெட் நூற்றைந்து. புதன்கிழமை சாயங்காலம் ஹாலில் லேப்டாப்பை வைத்து, திங்கட்கிழமை பேசப்போவதை நீ எனக்குப் பேசிக் காட்டினாய். லைன் வேகத்தை நூற்றைம்பது ஆக்கலாம் என்றாய். அடுத்த பக்கத்தில் "ஆபரேட்டர் கவனக்குறைவு" என்று தலைப்பு. கீழே பெயர்கள். முதல் பெயர் இசக்கியம்மாள். ட்ரெய்னிகள் என்பதால் காலம் முடிந்ததும் புதுப்பிக்கப்போவதில்லை என்று நீ சாதாரணமாகச் சொன்னாய், மழை வரும் என்று சொல்வதைப் போல.

நான் எழுந்துபோய் ஃபிரிட்ஜ் பக்கம் நின்றேன். "நூத்தஞ்சு இதுல எங்கடா வருது?" என்று கேட்டேன். நீ லேப்டாப்பில் அடுத்த பக்கத்தைத் தட்டினாய். மறுபடியும் கேட்டேன்.

"வராதும்மா."

"நூத்தம்பதுல வருமா?"

"எந்த ஸ்பீடுலயும் வராது."

உன் கணக்கையே போட்டுப் பார்த்தேன். நூற்றைந்து வேண்டும் என்றால் (x − 120)-இன் வர்க்கம் மைனஸ் நானூறாக இருக்க வேண்டும். பிளஸ்ஸைப் பிளஸ்ஸால் பெருக்கினாலும் பிளஸ், மைனஸை மைனஸால் பெருக்கினாலும் பிளஸ். சூத்திரத்தில் போட்டாலும் அதே கதை. b² − 4ac என்று நீங்கள் எழுதும் தன்மைக்காட்டி, தொண்ணூற்றைந்துக்கு 1600 வந்தது, அதனால் இரண்டு விடை இருந்தது. நூறுக்குப் பூஜ்ஜியம், உச்சியில் ஒரே ஒரு விடை. நூற்றைந்துக்கு மைனஸ் 1600. பத்தாவது பரீட்சையில் இப்படி வந்தால் "மெய்யெண் மூலங்கள் இல்லை" என்று எழுதுவாய். அது பதில் தெரியாதவன் எழுதும் வரி இல்லை. அதுதான் பதில். எவ்வளவு கத்தினாலும், எத்தனை மெமோ கொடுத்தாலும், ஒரு வர்க்கம் மைனஸ் ஆகாது. நீ சொல்லும் நூற்றைம்பதில் தொண்ணூறுகூடத் தேறாது. என் மேசைக்கு அறுபதுக்கு மேல் வந்து குவியும். அவற்றையும் ஷிஃப்ட் முடிந்து நின்று நாங்களே சரிசெய்வோம், பிறகு எங்களுக்கே மெமோ வரும்.

"அப்ப அத சொல்லுடா" என்றேன்.

"சொன்னா நான் அங்க இருக்க மாட்டேன்மா. புனே ட்ரான்ஸ்ஃபர், ப்ரமோஷன், எல்லாம் போயிடும். இது ஒரு மாடல்தான். உண்மை இப்படியேதான் இருக்கும்னு யாரு சொன்னது?"

மாடல்தான், ஒத்துக்கொள்கிறேன். மனிதர்களின் கை ஒரு வளைவுக்குள் அடங்காது. ஆனால் நூற்று நாற்பதை எடுத்தபோது அது மாடல் என்று நீ சொல்லவில்லை. அன்று அது சயின்ஸ். இன்று அது "முடியாது" என்று சொன்னதும் மாடல் ஆகிவிட்டதா? அதைத்தான் கத்திச் சொன்னேன். உன் அப்பா டிவி சத்தத்தைக் குறைத்தார். நீ, "உனக்கு ரீவொர்க் டேபிள்தான் தெரியும்" என்றாய். மறுநாள் காலையில் கிளம்பிவிட்டாய். அந்த வார்த்தைக்காக நான் அழவில்லை. உண்மைதான், எனக்கு அந்த மேசைதான் தெரியும். நீ கணக்கில் கழித்துவிட்டு மறந்துவிடும் பகுதி வந்து சேரும் இடம் அது.

நான் உன்னை வேலையை விட்டுவிடச் சொல்லவில்லை. வீரம் காட்டவும் சொல்லவில்லை. உன் சம்பளமும் சேர்ந்துதான் இந்த வீட்டுக்குக் கூரை போட்டது, அதை மறந்துவிட்டுப் பேசுகிற அளவுக்கு நான் சாமியார் இல்லை. நீ படித்ததை முழுசாகப் பயன்படுத்து என்றுதான் சொல்கிறேன். ஒரு சமன்பாட்டுக்கு மெய்யான மூலம் இல்லை என்றால் x-ஐப் போட்டுத் திருகிக்கொண்டே இருப்பதில் பயனில்லை என்று உனக்குத் தெரியும். அந்த நூறு, நூற்றிருபது, எண்பது எல்லாம் எங்கிருந்து வந்தன? இத்தனை பெண்கள், இத்தனை பலகை, கிளிப் டப்பா இத்தனை தூரத்தில், விரலுக்கு இத்தனை ஓய்வு என்று இப்போது இருக்கும் நிலைமையிலிருந்து வந்தன. நிலைமையை மாற்றினால் அந்த எண்கள் மாறும். கிளிப் மாட்டும் இடத்தில் இன்னும் இரண்டு பேரை நிறுத்து. டப்பாவைத் தோளுக்கு மேலே வைக்காமல் இடுப்பு உயரத்துக்குக் கொண்டு வா. விரலுக்குப் பதிலாக அழுத்த ஒரு கருவி கொடு. வளைவின் உச்சி உயரும், நூற்றைந்து என்ற கோடு அதில் வந்து வெட்டும், உனக்கு மெய்யான விடை கிடைக்கும். உங்கள் இன்ஜினியர் ரூமில் இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஆள் போடச் செலவாகும், டப்பாவை நகர்த்த லைனை நிறுத்த வேண்டும். பெண்களின் பெயரைப் போட்டு ஒரு பக்கம் தயாரிக்க எதுவும் ஆகாது. அதனால் கெழுக்களை அப்படியே வைத்துவிட்டு x-ஐ மட்டும் ஏற்றுகிறீர்கள். x என்பது வெறும் எழுத்து. அதை ஏற்றினால் ஏறுவது இசக்கியின் விரல் வீக்கம்.

இனி நீ அறியாத ஒன்றைச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை ஹெச்.ஆரில் என்னைக் கூப்பிட்டார்கள். நாற்காலி போட்டு, டீ கொடுத்தார்கள். இத்தனை வருடத்தில் அந்த ரூமில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. திங்கட்கிழமை மீட்டிங்கில் லைன் சார்பாக இரண்டு பேர் உட்கார வேண்டுமாம். "உங்க பையன்தானேம்மா ப்ரெசன்ட் பண்றாரு? நீங்க வந்து உக்காந்தா நல்லா இருக்கும். மத்தவங்களுக்கும் ஒரு நம்பிக்கை வரும்" என்றார் அந்த ஹெச்.ஆர். அம்மா. எனக்கு விளங்கிவிட்டது. நீ சொல்வாய், உன்னைப் பெற்றவள் எதிரே உட்கார்ந்து தலையாட்டுவாள். அதற்குப் பிறகு இசக்கிக்காக வாய் திறக்க லைனில் யாருக்கு மனசு வரும்? உன் கையெழுத்தோடு என் தலையாட்டலையும் சேர்த்துக் கேட்கிறார்கள். டீயைக் குடித்துவிட்டு, "வரேன் மேடம்" என்றேன்.

வருவேன். யூனிஃபார்மோடு, முதல் வரிசையில் இருப்பேன். நீ கண்டுபிடித்த வளைவைப் போர்டில் போடு. தொண்ணூற்றைந்துக்கு இரண்டு விடை உண்டு என்பதை இரண்டாகவே எழுது, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ரீவொர்க் மேசைக்கு எவ்வளவு வருகிறது என்றும் எழுது. எதை எடுப்பது என்று அவர்கள் வாயால் அவர்களே சொல்லட்டும். நூற்றைந்துக்குப் பத்தாவதில் எழுதிய அதே வரியை எழுது. அதற்குக் கீழே, அந்த டப்பாவையும் ஆட்களையும் எழுது. பெயர்ப் பக்கத்தை எடுத்துவிடு. இவ்வளவு செய்தால் உன்னை அனுப்பிவிடுவார்களா? அனுப்பலாம். பொய்யாக ஆறுதல் சொல்ல மாட்டேன். அனுப்பினால் என் மேசையும் எத்தனை நாள் இருக்கும் என்று தெரியாது. அதையும் யோசித்துத்தான் எழுதுகிறேன். அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். "கூரைதான் போட்டாச்சே" என்றார்.

நீ எழுதாவிட்டால், பெயர்ப் பக்கம் திரையில் வந்ததும் நான் கையைத் தூக்குவேன். தூக்கினால் அவர்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும், நம்பிக்கை வருவதற்காகக் கூப்பிடப்பட்டவள் ஆயிற்றே. மகனே என்று கூப்பிட மாட்டேன், பயப்படாதே. கேட்டுக்குள் எப்படிக் கூப்பிடப் பழக்கினார்களோ அப்படியே கூப்பிடுவேன்.

"சார், தொண்ணூத்தஞ்சுக்கு இன்னொரு விடை இருந்துச்சே, அத யாரு அடிச்சது?"